நான்காவது நிறுத்தம்

அக்டோபர் 5, சனி

இந்த நோட்டு வல்லி வாங்கிக் கொடுத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நடை முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள், எங்கே பயந்தார்கள், எங்கே போனை நோண்டினார்கள் என்று எழுதி வைக்க வேண்டுமாம். “ஃபீட்பேக், முசே” என்றாள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வாத்தியாரை முசே என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் அந்தப் பட்டம் மட்டும் என்னை விடவில்லை. வல்லி என்னிடம் படித்தவள். ஒரு வினைச்சொல்லைக்கூட உருப்படியாக எழுதியதில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ‘பாண்டி பேய் நடை’ ஆரம்பித்திருக்கிறாள். கதை சொல்ல நான்தான் வேண்டுமென்று வாசலில் வந்து நின்றாள். எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது என்றேன். அப்படிப்பட்டவர் சொன்னால்தான் மற்றவர்கள் நம்புவார்கள் என்றாள். எங்கே கற்றுக்கொண்டாளோ.

இன்று பதினான்கு பேர். சாயங்காலம் ஐந்துக்குக் கிளம்பினோம். முதல் நிறுத்தம், கடலுக்குள் நிற்கும் பழைய பாலத்தின் தூண்கள். அங்கே தீப்பெட்டி கேட்கும் மாலுமி. இரண்டாவது, கவர்னருடைய சமையல்காரன். ஆளில்லாத சந்தில் வெங்காயம் வதங்கும் வாசனை வரும். மூன்றாவது, வாய்க்கால் ஓரம் குதிரை வண்டிச் சத்தம். ஐந்தாவது நிறுத்தத்தில் பேய் இல்லை, காப்பிக்கடைதான்.

நான்காவதுதான் எல்லோருக்கும் பிடித்தது. மஞ்சள் வீடு. இப்போது அது தங்கும் விடுதி. வெளியே நின்றபடியே சொல்வேன். 1976 ஜனவரி. இந்த வீட்டுப் பெண் இருபத்திரண்டு வயதில் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் டைபாய்டில் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவளுடைய அம்மா சாகக் கிடக்கிறாள். அந்தி நேரத்தில் வெள்ளை கவுன் போட்ட ஒருத்தி கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறாள். இறந்துபோன பெண்ணேதான். தெருவே பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்கிறது. அவளுடைய தம்பி கோயில் தீர்த்தத்தைக் குருத்தோலையில் தோய்த்து அவள்மேல் தெளிக்கிறான். அவள் இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பி, கடல் பக்கமாக நடந்து மறைந்துபோகிறாள்.

பூனாவிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா கை தூக்கினார். ஆவிமேல் தண்ணீர் படுமா, பட்டாலும் அது முகத்தைத் துடைத்துக்கொள்ளுமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பேய்க்கதையில் தர்க்கம் பார்க்கக் கூடாது மேடம் என்று சமாளித்தேன். டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு இப்படிப்பட்ட வேலை செய்யக் கூடாது.

அக்டோபர் 6, ஞாயிறு

பிரெஞ்சுக்காரர்கள் வரும் சீசனாம். இணையதளத்துக்கு நான்காவது கதையைப் பிரெஞ்சில் எழுதித் தரச் சொன்னாள் வல்லி. காலைப் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவன் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. இரண்டு பக்கம். ஒரு பிழை கிடையாது. என் மனைவி ரெஜினா மீன் குழம்பை இரண்டு தடவை சூடு பண்ணினாள். முகத்தைத் துடைத்த இடத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்து, அப்படியே விட்டுவிட்டேன்.

அக்டோபர் 9, புதன்

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். சுண்ணாம்பு, இரண்டு பிரஷ், மெழுகுவர்த்தி ஒரு கட்டு, சாமந்தி. கலியபெருமாள் கொத்தனாருக்கு இப்போதே சொல்லி வைக்கச் சொல்கிறாள் ரெஜினா. கடைசி வாரத்தில் ஊரில் ஒரு கொத்தனாரும் அகப்பட மாட்டார்.

அக்டோபர் 12, சனி

மழை. நடை இல்லை. காப்பிக்கடையில் வல்லியும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். இந்தக் கதையெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது முசே என்று கேட்டாள். பழைய ஆவணங்களில் என்றேன். அது பொய். மாலுமியும் சமையல்காரனும் குதிரை வண்டியும் என் அக்கா மதலேன் பெற்றெடுத்த பிள்ளைகள்.

என்னைவிட ஏழு வயது மூத்தவள். சின்ன வயதில் நான் சாப்பாடு என்றாலே ஓடுவேன். தட்டோடு என்னைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போவாள். தூண்களைக் காட்டி, இந்த வாயை வாங்கிக்கோ, இல்லைன்னா மாலுமி தீப்பெட்டி கேட்டு வருவான் என்பாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பேய். வெங்காய வாசனை சமையல்காரன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, சோறு தீரும் நேரத்தில். ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாளுக்குப் பட்டாளத்துத் தாத்தாக்கள் மெடல் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். அதில் பாதிப் பேர் செத்தவர்கள், நிழல் விழுகிறதா பார் என்பாள். நான் குனிந்து குனிந்து நிழல் பார்த்துக்கொண்டே போய் ஒரு தாத்தாவின் தடியில் இடித்துக்கொண்டேன். பயந்து சிரிப்பது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அந்த மாதிரிச் சிரிப்பு அப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.

வல்லியிடம் இதைச் சொல்லவில்லை. எனக்கு அக்கா இருந்தாள் என்பதே அவளுக்குத் தெரியாது.

அக்டோபர் 15, செவ்வாய்

வல்லி போன் செய்தாள். “முசே, நவம்பர் ரெண்டாந் தேதிக்கு ஃபிரான்ஸ்லேர்ந்து புக்கிங் வந்திருக்கு. அம்மாவும் பொண்ணும். அம்மாவுக்கு எழுபத்து மூணு வயசு, வீல்சேர். நம்ம ரூட்ல தள்ள முடியுமா?”

முடியும் என்றேன். பிறகுதான் பெயர் கேட்டேன். துலூஸ் நகரம், மதாம் மதலேன் தனிஸ்லாஸ்.

“ஸ்பெஷல் ரெக்வெஸ்ட்னு ஒண்ணு எழுதியிருக்காங்க. நாலாவது எடத்துல கைடு கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணுமாம். சைட்ல உங்க ஃப்ரெஞ்ச் கதைய படிச்சாங்களாம்.”

என்ன கேள்வி என்றேன். அது எழுதவில்லை என்றாள்.

அக்டோபர் 16, புதன்

மதலேன் என்பது சாதாரணப் பெயர்தான்.

அக்டோபர் 17, வியாழன்

தனிஸ்லாஸும் சாதாரணப் பெயர்தான். இரண்டும் சேர்ந்து வருவது அவ்வளவு சாதாரணம் இல்லை. பல் வலி. ரெஜினா கிராம்பு கொடுத்தாள்.

அக்டோபர் 19, சனி

ஒன்பது பேர். நான்காவது நிறுத்தத்தில் கதையை இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டேன். தீர்த்தம் தெளித்தவுடன் ஆவி மறைந்தது என்று சொல்லிவிட்டுக் காப்பிக்கடைக்கு நடந்தேன். வல்லி பின்னாலேயே வந்தாள். “முகம் தொடைக்கிறத விட்டுட்டீங்களே. அதுதான் முசே கதையே.” தொண்டை சரியில்லை என்றேன். நம்பினாளா தெரியவில்லை.

நவம்பர் இரண்டு எனக்கு விடுப்பு வேண்டும், கல்லறைத் திருநாள் என்று சொன்னேன். அன்றைக்கு மட்டும் முடியாது, பன்னிரண்டு பேர் பணம் கட்டியிருக்கிறார்கள், கல்லறைக்கு ஏழு மணிக்குப் போகலாமே என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். அதனால்தான் கோபம் வந்தது.

அக்டோபர் 21, திங்கள்

கலியபெருமாளோடு கல்லறைக்குப் போனேன். எங்கள் குடும்பக் கல்லறையில் கடப்பைக் கல் பதித்திருக்கிறது. நான்கு பெயர்கள். முதலில் தாத்தா. இரண்டாவது, மதலேன், 1951 – 1973. மூன்றாவது அம்மா. நான்காவது அப்பா. சுண்ணாம்பு அடிப்பது இருக்கட்டும், முதலில் இந்த இரண்டாவது பெயரை மூடிவிட வேண்டும் என்றேன்.

அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். “இன்னா முசே சொல்றீங்க? செத்தவங்க பேர மூடச் சொல்றீங்களே. நா சாமி கும்பிடுற ஆளு. அந்த வேலைக்கு என்ன கூப்டாதீங்க.”

“அவங்க சாகல” என்றேன்.

ஐம்பத்தோரு வருஷத்தில் இந்த வார்த்தையை முதல் தடவையாக ஒரு மனிதரிடம் சொல்லியிருக்கிறேன். பாவமன்னிப்புத் தொட்டியில் சொல்லவில்லை, கட்டிய மனைவியிடம் சொல்லவில்லை, சுண்ணாம்பு வாளியோடு நின்ற கொத்தனாரிடம் சொன்னேன். அவர் பக்கத்துக் கல்லறைமேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். அதை முழுசாக இழுத்து முடித்தார். பிறகு, “அப்ப மூடிறலாம்” என்றார்.

கறுப்புச் சாயம் கலந்த சிமென்டைப் பெயரும் வருஷமும் வெட்டிய குழிகளில் அப்பினார். கல்லும் எழுத்தும் ஒரே நிறமாகிவிட்டன. தள்ளி நின்று பார்த்தேன். மூன்று பெயர்களுக்கு நடுவில் ஓர் இடைவெளி. யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அங்கே நின்றபோது ஞானாதிக்கத்தின் ஞாபகம் வந்தது. கல்லறைக் காவலர். குழி வெட்டுவதும் அவர்தான். தனிஸ்லாஸ் அவருடைய மகன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளும் நாங்கள் நான்கு பெயருக்கும் நான்கு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். நாங்கள் போன பிறகு ஞானாதிக்கம் வந்து இரண்டாவதை மட்டும் விரலால் நசுக்கி அணைத்துவிடுவார். ஒரு வருஷம் மறைந்து நின்று பார்த்திருக்கிறேன். உயிரோடிருக்கும் மருமகளுக்கு யாரோ மெழுகுவர்த்தி ஏற்றுவதை அந்த மனிதரால் வேறு எப்படித்தான் தடுக்க முடியும்.

அக்டோபர் 24, வியாழன்

இரண்டு நாள் விடாத மழை. கலியபெருமாள் போனில், “முசே, ஒருவாட்டி வந்து பாருங்க” என்றார். குரலே சரியில்லை.

போய்ப் பார்த்தேன். மழையில் கறுப்புச் சாயம் கரைந்து ஓடிவிட்டது. சிமென்ட் மட்டும் எழுத்துக்குள் வெளிறிப்போய் நிற்கிறது. கறுப்புக் கல்லில் மற்ற மூன்று பெயர்களும் கிட்டே போனால்தான் தெரியும். மதலேன் என்ற பெயர் மட்டும் கேட்டிலிருந்தே படிக்கும்படி இருக்கிறது. மறைக்கப்போய்ப் பளிச்சென்று ஆக்கிவிட்டோம். கலியபெருமாள் தலையைச் சொறிந்தார். கொத்திவிடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். எனக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. அக்கா சின்ன வயதிலும் இப்படித்தான். ஒளிந்து விளையாடினால் அவளே கத்திக் காட்டிக்கொடுத்துவிடுவாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நோட்டை வல்லி படிப்பாள். படிக்கட்டும்.

அக்கா 1973-இல் தனிஸ்லாஸோடு போய்விட்டாள். அவனுக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை கிடைத்திருந்தது. அந்தக் காலத்தில் கோயிலில் அவர்கள் உட்காரும் பக்கம் வேறு, நாங்கள் உட்காரும் பக்கம் வேறு. அப்பா கோர்ட்டில் தலைமை எழுத்தர். குழி வெட்டுகிறவன் மகனோடு பெண் போய்விட்டாள் என்று சொல்வதைவிடச் செத்துவிட்டாள் என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் டைபாய்டு, அங்கேயே அடக்கம் என்று ஊரில் சொன்னார். துக்கப் பூசை வைத்தார். கல்லில் பெயர் வெட்டினார். மறுத்துப் பேசினால் மகனுக்கு ஆபத்து, தன் வேலைக்கும் ஆபத்து என்று ஞானாதிக்கம் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பதினைந்து வயது. நானும் திறக்கவில்லை.

அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றியபோது ஞானாதிக்கம் மகனுக்குத் தந்தி கொடுத்திருக்க வேண்டும். அக்கா வந்தாள். வெள்ளை கவுன், வெட்டிய முடி. விளக்கு வைக்கும் நேரம். எதிர்வீட்டு அம்மாள் பார்த்து அலறினாள். செத்த பெண் நிற்கிறாளே, அவள் அலறாமல் என்ன செய்வாள். தெரு முழுக்க ஜன்னல் சாத்தும் சத்தம். அப்பா என்னிடம் தீர்த்தச் செம்பையும் குருத்தோலையையும் கொடுத்தார். “போய்த் தெளி. ஊரு பாக்குது” என்றார்.

நான் போனேன். பதினெட்டு வயது, மீசை வைத்திருந்தேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அமலு, எவ்வளவு வளந்துட்ட என்று சொல்ல வாயெடுத்தாள். அமலோர்பவநாதன் என்ற என் பெயரை அமலு என்று சுருக்கியவள் அவள் ஒருத்திதான். நான் தெளித்தேன். மூன்று தடவை, பேய்க்குத் தெளிப்பதுபோல. அவள் இடது கையால் முகத்தைத் துடைத்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு போய்விட்டாள். அன்றைக்குப் பிறந்ததுதான் மஞ்சள் வீட்டுப் பேய்.

உள்ளே வந்தேன். வாசலில் யாரு என்று அம்மா கேட்டார். யாருமில்லை என்றேன். அதற்கு அம்மா சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அது இந்த நோட்டுக்குச் சேராது. மூன்றாம் நாள் அம்மா போய்விட்டார்.

பிறகு அக்காவிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. அப்பா இறந்த வருஷம் ஓர் அட்டை வந்தது. எதற்கும் நான் பதில் போடவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அக்டோபர் 28, திங்கள்

ரெஜினாவிடம் சொல்லிவிட்டேன். காரைக்காலிலிருந்து 1985-இல் கல்யாணமாகி வந்தவள். அக்கா செத்துவிட்டாள் என்றுதான் அவளுக்கும் சொல்லியிருந்தேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள், முழுவதும் கேட்டாள்.

“முப்பத்தொம்பது வருஷமா உயிரோட இருக்கிற பொம்பளைக்கு என்ன செபமாலை சொல்ல வச்சீங்களா?”

நறுக்கிய வெண்டைக்காயை ஒதுக்கி வைத்தாள்.

“அவங்க ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து வேகுதேன்னு தவக்காலத்துல நான் மீன் தொடாம இருந்திருக்கேன். தெரியுமில்ல?”

தெரியும் என்றேன். மதியம் தட்டை டக்கென்று வைத்தாள். சாயங்காலம் செபமாலை சொல்ல உட்கார்ந்தவள் பாதியில் நிறுத்தி, அடுப்பங்கரையிலிருந்த என்னைக் கூப்பிட்டாள்.

“சரி, போனது போச்சு. நான் சொன்ன செபத்துலதான் எழுவத்தி மூணு வயசு வரைக்கும் இருக்காங்க. அத அவங்ககிட்ட சொல்லிடுங்க.”

மெதுவாகச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கலியபெருமாள் வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. பொட்டலத்தோடு தகவலும் வந்தது: “கல்லப் பத்திக் கவலப்படாதீங்க, அந்தப் பேரு நல்லாத்தான் இருக்குது.”

நவம்பர் 1, வெள்ளி

என்ன கேள்வி என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரமாகத் தெரியும்.

நவம்பர் 2, சனி

காலையில் ரெஜினாவும் நானும் போய்க் கல்லறையில் சுண்ணாம்பு அடித்தோம். சாமந்தி வைத்தோம். மெழுகுவர்த்தியைச் சாயங்காலம் ஏற்றிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டோம்.

ஐந்து மணிக்குக் கடற்கரையில் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். சக்கர நாற்காலியை மகள் கிளேர் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்பது வயது இருக்கும், தமிழ் வராது, அக்காவின் நெற்றி. அக்காவுக்குத் தலை முழுக்க வெள்ளை. கழுத்தில் பச்சைத் துண்டு. தண்ணீர் பாட்டிலை இடது கையால் வாங்கிக் குடித்தாள். என்னைப் பார்த்து எல்லோருக்கும் வைப்பதுபோல “பொன்ஸ்வார்” என்று ஒரு வணக்கம் வைத்தாள். நானும் வைத்தேன். அவ்வளவுதான்.

முதல் நிறுத்தம். மாலுமி பாலத்தின்மேல் டொக் டொக் என்று நடந்து வருவான் என்று இங்கிலீஷில் சொன்னேன். நாற்காலியிலிருந்து தமிழில் ஒரு குரல் வந்தது. “அவனுக்கு ஒத்தக் காலுதானே. ரெண்டு கால் குடுத்துட்டியே.”

வல்லி திரும்பினாள். “மேடம், இந்தக் கதை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா. சோறு திங்காத ஒரு பய இருந்தான். அவனுக்காகச் சொன்னது.”

இரண்டாவது நிறுத்தத்தில், வெங்காயம் இல்லை, பூண்டு என்றாள். ஐம்பது வருஷம் கழித்தும் பூண்டுதான் என்பதில் அவ்வளவு உறுதி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பழைய சிரிப்பு, பயமும் சேர்ந்தது. மூன்றாவதில் அவள் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காவது நிறுத்தம். மஞ்சள் வீட்டுக் கேட்டுக்கு எதிரே நின்றோம். கிளேர் நாற்காலியை நிறுத்திய இடம் அக்கா அன்றைக்கு நின்ற இடத்துக்கு ஒரு கை தூரம் இருக்கும். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஜனவரி, அந்தி நேரம் என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன். நடுவில் எப்போது தமிழுக்கு மாறினேன் என்று தெரியவில்லை. வல்லி மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள்.

“வந்தது பேய் இல்ல. எங்க அக்கா. உயிரோடதான் வந்தா, அம்மாவப் பாக்க வந்தா. செத்துட்டான்னு ஊர்ல நாங்கதான் சொல்லி வச்சிருந்தோம். தண்ணி தெளிச்சது நான்.”

பூனா டாக்டரம்மா இன்று இல்லையே என்றிருந்தது. அவர்தான் முதலில் கண்டுபிடித்தவர்.

அக்கா கேட்டாள். “முகத்தத் தொடச்சதப் பாத்தது நீ ஒருத்தன்தான். படிச்சதுமே எழுதினது நீன்னு தெரிஞ்சுது. தண்ணி ரொம்ப சில்லுன்னு இருந்துச்சு, அமலு. அது போவட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் வந்தது அம்மாவுக்குத் தெரியுமா?”

இந்த ஒன்றுக்காக அவள் துலூஸிலிருந்து வந்திருக்கிறாள். நாற்பத்தெட்டு வருஷமாக அந்தப் பதில் என் ஒருவனிடம்தான் இருந்தது. அதை அனுப்ப ஒரு தபால்தலை போதும். நான் அனுப்பவில்லை.

“யாருன்னு கேட்டாங்க. யாருமில்லன்னு சொன்னேன்.” என்றேன். “அதுக்கு அம்மா, இல்லடா, அது மதலேன் நடை, வெளிய நிக்கிறா பாரு, அவளுக்கு மொதல்ல சோறு போடுன்னாங்க.”

அக்கா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை முகத்துக்குப் போயிற்று. துடைத்தாள். இந்தத் தடவை தண்ணீர் என்னுடையது இல்லை.

“சோறு போடச் சொன்னாங்களா” என்றாள்.

“ஆமா.”

“மீன் கொழம்பா இருந்துச்சா?”

“ரசம். அன்னிக்கு வெள்ளிக்கிழமை.”

தலையை ஆட்டினாள். என் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வல்லி மற்றவர்களைக் காப்பிக்கடைக்கு அழைத்துப் போனாள். போகும்போது கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். பாடத்தில்தான் மக்கு.

அங்கிருந்து கல்லறைக்குப் போனோம். ஊரே அங்கேதான் இருந்தது. எல்லாக் கல்லறையிலும் விளக்கு, பூ, சாம்பிராணி. ரெஜினா எங்களுக்காக வாசலில் காத்திருந்தாள். அக்காவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, உங்களுக்காக எவ்வளவு செபம் சொல்லியிருக்கேன் தெரியுமா அண்ணி என்றாள். முதலில் ஞானாதிக்கத்தின் கல்லறை, மதிலோரம். மரச் சிலுவைதான். அக்கா இரண்டு மெழுகுவர்த்தி வைத்தாள், ஒன்று மாமனாருக்கு, ஒன்று போன ஜனவரியில் துலூஸில் இறந்த தனிஸ்லாஸுக்கு. பிறகு எங்கள் கல்லறை.

பெயரைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமென்று வழியெல்லாம் நினைத்தேன். சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. அவ்வளவு வெளிச்சத்தில் அந்த வெளிறிய எழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது. கிளேர்தான் முதலில் படித்தாள். அம்மா என்று பிரெஞ்சில் மெதுவாகக் கூப்பிட்டாள்.

அக்கா படித்தாள். வெகுநேரம் பார்த்தாள். ரெஜினா பழக்கதோஷத்தில் நான்கு மெழுகுவர்த்தியும் ஏற்றி வைத்துவிட்டு, வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ரெண்டாவது எனக்கா?”

“வருஷா வருஷம்” என்றேன்.

நாற்காலியை இன்னும் கிட்டே தள்ளச் சொன்னாள். குனிந்தாள். பிறந்தநாள் கேக்கில் ஊதுவது போல ஊதி அணைத்தாள். ஞானாதிக்கம் போனதிலிருந்து அதை யாரும் அணைத்ததில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

அக்கா சாப்பிட வந்தாள். ரெஜினா மீன் குழம்பும் ரசமும் இரண்டும் வைத்தாள். அக்கா ரசத்தைத்தான் முதலில் ஊற்றிக்கொண்டாள். கொஞ்சம் பேசினோம். பத்து நாள் இருப்பார்கள்.

வல்லி போன் செய்தாள். நான்காவது நிறுத்தத்தில் இனிமேல் என்ன சொல்வது என்று கேட்டாள். மாலுமிக்கு ஒற்றைக் கால், சமையல்காரனுக்குப் பூண்டு, அதை முதலில் திருத்து என்றேன். நான்காவது, நடந்தது நடந்தபடி. நானே சொல்கிறேன்.

கிளம்பும்போது கல்லைப் பற்றிக் கேட்டேன். நாளைக்கே பெயரைக் கொத்தி எடுத்துவிடச் சொல்லட்டுமா என்றேன். அக்கா யோசித்தாள்.

“எதுக்கு? அம்மாவுக்குப் பக்கத்து எடம். அது எப்படியும் எனக்குத்தான். பேரு இருக்கட்டும். வருஷத்த மட்டும் எடு.”

கலியபெருமாளுக்குக் காலையில் போன் செய்ய வேண்டும். இரண்டாவது பெயர் அப்படியே இருக்க வேண்டும். 1951-க்கும் கோட்டுக்கும் அப்புறம் உள்ள நான்கு எண்களை மட்டும் கொத்திவிட்டு, இடத்தைக் காலியாக விட வேண்டும்.